பழைய பப்களில் சாப்பாட்டுக்கடை நடத்தும் லண்டன் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் பழைய பப் கட்டடங்களை எடுத்துச் சாப்பாட்டுக்கடை நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு,

போன மாதம் கிழக்கு லண்டனில் எங்கள் தெரு மூலையில் இருந்த பழைய பப்பின் முன்சுவரை உளி வைத்து உடைத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அந்தச் சுவரில் இருந்த கரும்பச்சை டைல்ஸ் ஒரு சனிக்கிழமை பகலுக்குள் இடிபாடு கொட்டும் ஸ்கிப் தொட்டிக்குப் போய்விட்டது. உள்ளே இருந்த மர பார் கவுண்டரை மின்வாளால் அறுத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். வாசல்படியில் பப்பின் பெயரைச் சின்னச் சின்னக் கல்லால் பதித்திருந்தார்கள். அதன் மேல் சிமெந்து ஊற்றியாகிவிட்டது. இப்போது முன்பக்கம் முழுக்கக் கறுப்பு அலுமினியப் பலகை, அதன் மேல் எல்ஈடி எழுத்து.

கடையை எடுத்திருப்பவர் எங்கள் ஆள்தான். அவர் பெயரையோ கடைப் பெயரையோ இங்கே நான் எழுதப் போவதில்லை. அவரை ஊர் முன்னால் நிறுத்தி வைப்பதால் உடைந்த டைல்ஸ் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் இன்னும் எத்தனையோ பேர் மூடிக் கிடக்கும் பப்களைப் பார்த்து லீஸ் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இது உங்கள் எல்லோருக்குமான மடல்.

நான் அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். "அண்ணை, இது பார்க்கக் குடிகாரன் கடை மாதிரி இருக்கு. சனம் குடும்பத்தோட வராது. பழசை வச்சிருந்தா சுகாதாரக்காரன் மார்க் குறைப்பான். கவுன்சிலும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கடன் எடுத்து, வீட்டை அடகு வைத்து, நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் நிற்கிறவர். அவர் சொன்னதை உங்களில் பலரும் எனக்கு வேறு வேறு நேரத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நான் எண்பதுகளின் கடைசியில் இந்த நகரத்துக்கு வந்தவன். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு சாப்பாட்டுக்கடைச் சமையலறை, இப்போது கடைகளுக்குக் கணக்கும் கவுன்சில் விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கிற வேலை. பப் சாப்பாட்டுக்கடையாக மாறுவதை நான் எதிர்க்கவில்லை. 2001ல் லண்டனில் 4,835 பப்கள் இருந்தன. 2016ல் 3,615தான் மிச்சம். கால்வாசி போய்விட்டது. 2007 ஜூலையில் உள்ளே புகைக்கத் தடை வந்தது, சூப்பர்மார்க்கெட்டில் பியர் மலிந்தது, காணி விலை ஏறியது, பப் வைத்திருந்த பெரிய கம்பனிகள் கட்டடத்தை விற்றுக் காசாக்கின. பூட்டிக் கிடந்த கட்டடங்களில் பலதை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். அதோடு பார்த்தால், அடுப்பு எரிகிற, சனம் வந்து போகிற, இரவில் வெளிச்சம் தெரிகிற ஒரு சாப்பாட்டுக்கடை அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த நல்ல காலம் என்றுதான் சொல்வேன். அதனால்தான் உங்கள் கையால் அது உடைபடும்போது கூடுதலாக வலிக்கிறது.

நீங்கள் எடுத்திருக்கிற கட்டடம் எப்படிப்பட்டது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். லீஸ் தரகர் சதுர அடியையும் வாடகையையும் பற்றித்தான் பேசுவார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1890களில் லண்டனில் பப் கட்டுவதற்குப் பெரிய போட்டி நடந்தது. பிரிக் லேனில் ட்ரூமன், மைல் எண்டில் சாரிங்டன், வைட்சப்பலில் மான் கிராஸ்மன் என்று கிழக்கு லண்டனிலேயே பியர் காய்ச்சிய பெரிய கம்பனிகள் இருந்தன. ஒவ்வொரு தெரு மூலையையும் மற்றவனுக்கு முன் பிடித்துவிட வேண்டும் என்று காசைக் கொட்டினார்கள். வீட்டில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து எழும்பிய துறைமுகத் தொழிலாளி, மாலையில் வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே சித்திரக் கூரை, பக்கத்தில் பூவெட்டிய கண்ணாடி, கையூன்றப் பளபளக்கும் மரம். அவன் வாழ்நாளில் தொட்ட மிக அழகான சாமான் அந்தக் கவுண்டராகத்தான் இருந்திருக்கும். பத்தாண்டு முடிவதற்குள் அந்தச் சந்தை சரிந்தது, பலர் கடனாளியானார்கள். கட்டடங்கள் நின்றுவிட்டன.

உங்கள் கடை முன்னால் தெருவில் நின்று வாசல்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டடத்துக்கு ஏன் மூன்று நான்கு கதவு என்று யோசித்திருப்பீர்கள். ஒன்று கூலிக்காரர் போகிற பப்ளிக் பார், வெறும் பலகைத் தரை. இன்னொன்று சலூன் பார், கம்பளம் விரித்தது, பியருக்குச் சற்றுக் கூட விலை. பக்கத்தில் இருக்கிற ஒடுங்கிய கதவு, வீட்டிலிருந்து குடுவை கொண்டுவந்து பியர் வாங்கிப் போகிறவர்களுக்கு. சில பப்களில் கவுண்டரின் மேல் முகமட்டத்தில் திருப்பக்கூடிய சின்னக் கண்ணாடிப் பலகைகள் இருக்கும். உள்ளே இருக்கிற கனவான் தன்னை யாரும் பார்க்காமல் குடிப்பதற்கு அதைச் சாத்திக்கொள்வார். நூற்றிருபது ஆண்டுக்கு முந்திய லண்டனில் யார் மேல், யார் கீழ் என்பது அந்தக் கதவுகளிலும் கண்ணாடியிலும் அப்படியே நிற்கிறது. சாதி பார்த்து வாசல் பிரித்த ஊரிலிருந்து வந்த எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

டைல்ஸை அழகுக்கு மட்டும் ஒட்டவில்லை. அன்றைக்கு லண்டன் முழுக்க நிலக்கரிப் புகை. செங்கல்லில் படிந்த கரி போகாது. பளபளப்பான டைல்ஸை ஒரு வாளி தண்ணீரும் துணியும் கொண்டு கழுவிவிடலாம். பெரிய வீதியில் நிற்கும் சாப்பாட்டுக்கடைக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல முன்சுவர் கிடையாது. பஸ் புகையும் மழைச் சேறும் படியும், துடைத்தால் போய்விடும். அலுமினியப் பலகை ஐந்து வருடத்தில் நெளிந்து மூலை பிரிவதை எங்கள் வீதியிலேயே எத்தனை கடையில் பார்த்திருக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகை பூட்டுவதற்கு டைல்ஸில் துளை போட்டால், அந்தத் துளையால் மழைத்தண்ணீர் பின்னால் இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது பக்கத்தில் இருக்கிற நல்ல டைல்ஸையும் தள்ளி விழுத்தும். பிறகு சுவர் ஈரம், உள்ளே பூஞ்சணம், சமையலறைக்குள்ளும் அது வரும். அதைத் திருத்த எவ்வளவு ஆகும் என்று ஒரு கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்.

இது ஆங்கிலேயரின் சரித்திரம், எங்களுக்கென்ன என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் எங்களைப் போன்ற நிறக்காரரை உள்ளே விடாத பப்கள் இருந்தன. விட்டாலும் பப்ளிக் பாரில் நில், சலூனுக்குள் வராதே என்றார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான மால்கம் எக்ஸ் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்மெத்விக் நகருக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தினரோடு, நிறத்தடை வைத்திருந்த ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்கும் போனார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் இன உறவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பப்பிலும் சாப்பாட்டுக்கடையிலும் நிறத்தைக் காட்டி ஒருவரை மறுக்க முடியாது என்று ஆனது. பிறகு அதே பகுதிகளில் பஞ்சாபியர் பப்களையே எடுத்து நடத்தினார்கள். பழைய கவுண்டரையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பின்னால் தந்தூரி அடுப்பு போட்டார்கள். இன்றைக்கு அந்த இடங்களைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறவர்களில் எல்லா நிறத்தவரும் உண்டு.

நான் வந்த காலத்தில் சட்டம் இருந்தது, பயமும் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு வேலைக்குப் போகும்போது இந்த மூலைப் பப்புக்கு முன்னால் போக மாட்டேன். எதிர்ப்பக்கம் கடந்து போவேன். நிறவெறி பிடித்த மொட்டைத்தலைப் பொடியன்கள் வாசலில் நிற்பார்கள். தொண்ணூறுகளில் அந்தப் பப்பை ஒரு அயர்லாந்துக் கணவன் மனைவி எடுத்து நடத்தினார்கள். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குக் கூட்டம் வைக்க இடமில்லாமல் திரிந்தபோது, மேல்மாடி அறையைக் காசு வாங்காமல் தந்தார்கள். 2005 ஜனவரியில் சுனாமிக்குச் சேர்த்த உடுப்புப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியது அந்த அறையில்தான். அடுக்கி முடிந்து கீழே வந்தால், குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் தொப்பியைக் கைக்குக் கை மாற்றிக் காசு சேர்த்து வைத்திருப்பார்கள். பயந்து ஒதுங்கியதும், பிறகு உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரே கட்டடத்தில் நடந்தது. எங்களை உள்ளே விடாத கதவின் சாவி இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கதவையே கழற்றி எறிந்துவிட்டால் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் எதைக் காட்டிச் சொல்வேன்?

ஸ்கிப்புக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வயதான அம்மாவும் நின்றார். எங்கள் தெருவில் பிறந்தவர். அவருடைய கல்யாண விருந்து அந்த மேல்மாடியில்தான் நடந்தது. உடைந்த துண்டுகளைக் கிளறி, முழுதாக இருந்த ஒரு டைல்ஸை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உன் ஆட்கள்தானே, நீ சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் நாற்சார் வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த மாடி வீடு எழும்பும்போது நாங்கள் எப்படிக் குமுறுகிறோம்! "காசு வந்தவுடன் கண் தெரியவில்லை" என்று திட்டுகிறோம். அந்த அம்மாவுக்கும் அதே குமுறல்தான்.

சரி, பழசை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கடை நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். செயின்ட் ஜான்ஸ் வுட் பக்கம் அபர்டீன் பிளேஸுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே குரோக்கர்ஸ் ஃபாலி என்ற கட்டடம் இருக்கிறது. ஃப்ராங்க் குரோக்கர் என்பவர் 1898ல் கட்டிய பப், அப்போது அதன் பெயர் கிரவுன். கிரேட் சென்ட்ரல் ரயில்வே தன் லண்டன் நிலையத்தை அந்த இடத்தில் கட்டப் போகிறது என்று நம்பி அவ்வளவு காசைக் கொட்டினார், ரயில் மேரிலபோனோடு நின்றுவிட்டது, மனம் உடைந்து ஜன்னலால் குதித்தார் என்று ஒரு கதை லண்டன் முழுக்கச் சொல்வார்கள். உண்மையில் அவர் 1904ல் இயற்கையாகவே இறந்தார். கதை எப்படியோ, கட்டடம் அற்புதம். எங்கே பார்த்தாலும் பளிங்கு. தூண், கவுண்டர், கணப்பு எல்லாம் நிறம் நிறமான பளிங்கு, மேலே அச்சு வார்த்த கூரை. 2004ல் அது பூட்டப்பட்டது. பத்து ஆண்டு தூசு பிடித்துக் கிடந்தது. பிறகு எடுத்தவர்கள் யார்? லெபனான் சாப்பாட்டுக்கடைகள் நடத்தும் மரூஷ் குழுமம். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து அடுப்பு மூட்டியவர்கள்தான். பளிங்கையும் கூரையையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து 2014ல் திறந்தார்கள். அந்தப் பளிங்குக் கவுண்டருக்குப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஹம்மூஸும் கிரில்லும் சாப்பிடுகிறார்கள். அங்கே போகும் எவரும் இது குடிகாரன் கடை என்று திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் உண்டு.

அவ்வளவு தூரம் போக நேரமில்லையா? அப்டன் பார்க்கில் பார்க்கிங் ரோடும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் போலின் டேவர்ன் இருக்கிறது. உங்களில் பலர் அதற்கு முன்னால் தினமும் வேன் ஓட்டிப் போகிறீர்கள். 2016ல் வெஸ்ட் ஹாம் கால்பந்தாட்டக் கழகம் அந்தப் பகுதியை விட்டுப் போனபிறகு அந்தப் பப்பின் கதி முடிந்தது என்றுதான் நினைத்தோம். புதிதாக எடுத்தவர்கள் பழைய மரத் தடுப்புகளையும் பூவெட்டிய கண்ணாடியையும் மறுபடி செய்து வைத்து 2021ல் திறந்தார்கள். அது பப்பாகவேதான் இருக்கிறது, ஆனால் பின்னால் முன்பு பில்லியர்ட்ஸ் ஆடிய அறையில், வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள் எத்தனை மேசை என்று.

பிரிக் லேன் பள்ளிவாசல் உங்களுக்குத் தெரியும். 1743ல் பிரான்சிலிருந்து தஞ்சம் தேடி வந்த புரட்டஸ்தாந்தினர் கட்டிய கோவில். பிறகு மெதடிஸ்ட் கோவில், பிறகு யூதர் தொழுகைக்கூடம், 1976லிருந்து பள்ளிவாசல். சுவரின் மேலே முதலில் வந்தவர்கள் வைத்த சூரியக் கடிகாரம் ஆண்டு எண்ணோடு இன்றைக்கும் இருக்கிறது. யாருக்கும் அது இடைஞ்சலாக இருக்கவில்லை. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. கில்பர்ன் பக்கத்தில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப். 1920களின் தொடக்கத்தில் கட்டியது. அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பதா என்று யோசனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் உரிமையாளர் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை. இருந்தது போலவே திரும்பக் கட்டு என்று உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவு நின்றது. செங்கல், டைல்ஸ், உள்ளே இருந்த வேலைப்பாடு எல்லாம் மறுபடி செய்து, 2021 ஏப்ரலில் அதே இடத்தில் அதே பப் திறந்தது. தன் செலவில் இடித்ததைத் தன் செலவிலேயே திரும்பக் கட்ட வேண்டிய நிலை உங்களில் ஒருவருக்கும் வரக் கூடாது.

கவுன்சில் ஒன்றும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. இதில் பலர் பழைய காலத்து யோசனையை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பப்பைச் சாப்பாட்டுக்கடையாக மாற்ற முன்பு திட்டமிடல் அனுமதி தேவைப்படவில்லை, உண்மைதான். 2017 மே 23லிருந்து இங்கிலாந்தில் அந்தச் சலுகை இல்லை, மாற்றவும் இடிக்கவும் அனுமதி வேண்டும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் உள்ளே இருக்கும் கவுண்டரைத் தொடவும் தனி அனுமதி வேண்டும். மீறினால் குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, இரண்டு ஆண்டுவரை சிறையும் உண்டு. பட்டியலில் இல்லாவிட்டாலும் முன்முகத்தின் தோற்றத்தை மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதி எடுக்க வேண்டும். நான்கு வருடம் கவுன்சில் நடவடிக்கை எடுக்காமல் தப்பினால் சரி என்று சொல்லித் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடித்த வேலைகளுக்கு அது பத்து ஆண்டு. யாராவது ஒரு அயலவர் ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும்.

சுகாதார மதிப்பெண் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படிவங்களோடுதான் என் பிழைப்பு. சாப்பாடு வெட்டுகிற, சமைக்கிற, வைக்கிற இடம் கழுவக்கூடியதாகச் சுத்தமாக இருக்கிறதா, குளிர்பெட்டி சரியான குளிரில் இருக்கிறதா, பதிவேடு எழுதுகிறீர்களா, எலி கரப்பான் இருக்கிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார். சாப்பிடும் கூடத்தில் நிற்கிற பழைய மரக் கவுண்டருக்காக மார்க் குறைந்த ஒரு கடையையும் நான் கண்டதில்லை. நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஒரு கடையில் பழைய பார் கவுண்டரின் மேல் கண்ணாடிப் பெட்டி வைத்து வடையும் லட்டும் பால்கோவாவும் அடுக்கியிருக்கிறார்கள். கீழே கால் வைக்கப் போட்ட பித்தளைக் கம்பி அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தக் கம்பியில் ஏறி நின்றுதான் எந்த லட்டு வேண்டும் என்று விரலால் காட்டுகிறார்கள். சலூன் பக்கம் குடும்பங்களுக்கு, மற்றப் பக்கம் அவசரமாக ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு. பியரைக் குளிராக வைக்கத் தோண்டிய நிலவறையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். கட்டடம் அதற்கென்றே கட்டியது போல வேலை செய்கிறது. அந்தக் கடையின் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

குடிகாரன் கடை என்ற பயத்துக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. எங்கள் அம்மாமார் வாசலில் பழைய பப்பின் பெயரைப் பார்த்துத் தயங்குவது ஒரு நாளைக்குத்தான். உள்ளேயிருந்து சாம்பார் வாசம் வந்தால் அடுத்த கிழமை தாங்களே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

எங்கள் மூலைக் கடையை எடுத்திருக்கும் முதலாளிக்கு முதலில். பக்கத் தெருப்பக்கமாகத் திரும்பும் சுவரில் இன்னும் டைல்ஸ் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொட வேண்டாம் என்று இன்றைக்கே உங்கள் பில்டரிடம் சொல்லுங்கள். மேல்மாடி ஜன்னல் கண்ணாடிகளையும் கழற்ற வேண்டாம். அறுத்த கவுண்டரின் துண்டுகள் பில்டரின் யார்டில் கிடப்பதாகச் சொன்னார்கள். அவற்றைத் திருப்பி வாங்குங்கள், ஒரு நல்ல தச்சரால் அதைச் சேர்க்க முடியும், ஆளை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாசல்படியின் மேல் ஊற்றிய சிமெந்தைக் கவனமாக எடுக்க முடியுமா என்று கல் வேலை தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். கறுப்புப் பலகைக்கு இதுவரை விண்ணப்பம் போடவில்லையென்றால், கவுன்சில் கடிதம் வருவதற்கு முன் பலகையைக் கழற்றிவிட்டு, கீழே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரி விண்ணப்பம் எழுதுவோம். அதற்கு நான் ஒரு பென்னியும் வாங்க மாட்டேன்.

லீஸ் பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கட்டடம் பட்டியலில் இருக்கிறதா, கவுன்சிலின் உள்ளூர்ப் பட்டியலில் இருக்கிறதா, பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா என்று கேளுங்கள். கவுன்சில் இணையத்தளத்திலேயே பார்க்கலாம், தெரியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். பெயர்ப்பலகையைப் பழைய பலகை இருந்த சட்டத்துக்குள்ளேயே பூட்டுங்கள், துளை போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சாந்துக் கோட்டில் போடச் சொல்லுங்கள். கவுண்டரையும் கண்ணாடியையும் உண்மையாகவே வைத்திருக்க முடியாதென்றால் ஸ்கிப்புக்கு அனுப்பாமல் நிலவறையில் வைத்துவிடுங்கள், நாளைக்கு உங்களுக்குப் பிறகு வருகிறவர் எடுத்துப் பூட்டுவார். உங்கள் கடைக்கு உங்கள் பெயரை வையுங்கள், அது உங்கள் உரிமை. பழைய பப்பின் பெயர் சுவரிலோ வாசலிலோ எங்கே இருக்கிறதோ அங்கே அதை விட்டுவிடுங்கள். உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டத்தில் அந்தக் கட்டடம் எப்போது கட்டியது, முன்பு யார் யார் வந்து போனார்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி எழுதி மாட்டுங்கள். அயலில் இருக்கும் முதியவர்களைக் கேட்டால் அவர்களே படத்தோடு வருவார்கள்.

வணிகர் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் ஒன்றுகூடல் வைக்கிறீர்கள், வரியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் பேச ஆள் கூப்பிடுகிறீர்கள். அடுத்த முறை ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கி, கவுன்சிலில் பழைய கட்டடங்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரி ஒருவரையும், பழைய கட்டடத்தில் வேலை செய்து பழகிய ஒரு பில்டரையும் கூப்பிடுங்கள். கவுன்சிலுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். பப் லீஸ் கைமாறும்போதே புதிதாக வருகிறவருக்குத் தமிழ் உட்பட அவரவர் மொழியில் ஒரு பக்க விளக்கம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதில் உங்கள் சங்கத்தின் கையெழுத்தும் சேர்ந்தால் கனம் கூடும்.

மூலைக் கடை முதலாளியிடமிருந்து கடை திறக்கும் நாளுக்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். ஞாயிறு மாலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். பில்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தப் பக்கச் சுவர் முன்னால் நின்றே பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் வசிக்கும், உங்கள் கடைகளில் சாப்பிடும் ஒருவன்
கிழக்கு லண்டன்